இடது கை இருந்த இடம்

கார்டெல் விட்லோவுக்கு அன்றைக்குப் பத்தாவது நாள். முதல் பத்து இல்லை, இரண்டாவது பத்து. கூடைப்பந்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களிடம் இதை மட்டும் சொன்னால் போதும், 'ஐயோ பாவம்' என்பார்கள். ஜனவரி பிறந்துவிட்டால் ஒவ்வொரு அணியிலும் ஆள் குறையும். ஒருத்தனுக்குக் கணுக்கால் போயிருக்கும், இன்னொருத்தனுக்கு முதுகு பிடித்திருக்கும். அப்போது வெளியே காத்துக்கிடக்கிற பழைய ஆட்களில் ஒருவனைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிடித்துப்போனால் இன்னொரு பத்து நாள். மூன்றாவது பத்து என்பது கிடையவே கிடையாது. அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கையைக் குலுக்கி அனுப்பிவிட வேண்டும்.

முப்பத்திரண்டு வயது ஆளைக் கையைக் குலுக்கி அனுப்பினால் பிறகு யார் கூப்பிடுவார்கள்? யாரும் மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும், ஃபோர்ட் வேய்னில் இருக்கும் அவன் மனைவி லவோனுக்கும் தெரியும். அதனால்தான் காலையில் போனில் பேசியபோது இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் எவ்வளவு பனி விழுந்திருக்கிறது, யார் தள்ளினார்கள் என்று பேசிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கோச் ஹாஸ்டெட்லர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோச்சுக்கு அறுபது வயது இருக்கும். அந்த வருஷம் பிட்ஸ்பர்க் அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் அவர் சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது முகத்தில் தெரிந்தது.

"உக்காரு. லூயிவில்காரனுங்க வந்திருக்கானுங்க. கிரேவ்லி அதுல இருக்கான். தெரியும்ல?"

"தெரியும் கோச்."

"அவன் நம்ம வளையத்துக்குக் கீழ வந்து அவங்க அப்பன் வீடு மாதிரி புழங்கறான். போன தடவை முப்பத்தோரு பாயிண்ட். ஒருத்தன் அவன் மேல கை வைக்கல. நம்ம பசங்க எல்லாம் ரொம்ப மரியாதைக்காரனுங்க, வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடறீங்களான்னு கேக்கறானுங்க."

கார்டெல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"உனக்கு ஆறு ஃபவுல் இருக்கு, ஆறாவதுக்குத்தான் வெளிய அனுப்புவான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போற? நான் உன்னை இங்க கூப்பிட்டது எதுக்குன்னு நினைக்கற? உன் ஷூட்டிங்குக்கா?" கோச் லேசாகச் சிரித்தார். "பழைய கார்டெல் ஒருத்தன் இருந்தான். அவனைத்தான் கூப்பிட்டேன். இருபது நாளா அவனைக் காணோம். அவனைக் கொஞ்சம் வெளியே விடு. ரொம்ப வேணாம். அளவா."

அளவா! சொல்வது சுலபம்.

பழைய கார்டெலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பத்தொன்பது வயதில் பெரிய லீகுக்கு அவனைத் தேர்ந்தெடுத்தபோது நின்ற இடத்திலிருந்து நாற்பத்துநான்கு அங்குலம் எம்பினான். ஆறடி ஒன்பது அங்குலம் உயரமுள்ள ஒருவன் அப்படி எம்பினால் பார்க்கிறவர்கள் ஓரடி பின்னால் போவார்கள். அளந்தவர் நம்பாமல் மறுபடி எம்பச் சொன்னார். அவன் எரிச்சலோடு எம்பினான், இன்னும் ஒரு அங்குலம் கூடியது. எல்லோரும் சிரித்தார்கள். 'பையனுக்குக் கோபம் வந்தா றெக்கை முளைக்குதுப்பா' என்று யாரோ சொன்னார், அது பேப்பரில் வந்தது, அவனும் அதை நம்பிவிட்டான். கேரி ஊரில் சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு வெளியே ஓடிவந்து, கடை வாசல் பலகைகளை எல்லாம் எம்பி எம்பி அறைந்துகொண்டே தெருக்கோடிவரை போவானாம். அப்போதிலிருந்தே அவனுக்குக் கோபமும் எம்பலும் ஒரே சாமான்தான், ஒரே பெட்டியில் வைத்தது.

அந்தக் கோபம்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனைத் தின்றது. அப்போது அவனும் கிரேவ்லியும் ஒரே அணி. அன்டோன் கிரேவ்லி வாய்க்காரன், எல்லோரையும் கிண்டல் செய்வான், ஆனால் மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டான். ஒருநாள் பயிற்சியில் கார்டெலின் தலைக்கு மேல் பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டு, "பாட்டிக்கு முட்டி வலிக்குதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கார்டெல் ஒரே ஒரு குத்துதான் விட்டான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஆறு வாரம் கிரேவ்லி ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி மாதிரி எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தான். இப்போதும் அந்தத் தாடைக்குள் ஒரு தகடு இருக்கிறது.

அதற்குப் பிறகு கார்டெலை இந்த நாட்டில் யாரும் எடுக்கவில்லை. துருக்கியில் இரண்டு வருஷம், பிலிப்பைன்ஸில் ஒரு வருஷம், போர்ட்டோ ரிக்கோ, அப்புறம் எங்கேயும் இல்லை. ஃபோர்ட் வேய்னில் மிஸஸ் ஈஸ்லி என்று ஓர் அம்மாள் இருந்தார், கோபத்தைப் பற்றியே படித்தவர். லவோன் அவனை அவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று வருஷம், வாரம் தவறாமல் போனான். கோபம் வருவதற்கு முன்னால் அது உடம்பில் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் அவர். அவனுக்குக் காதுக்குப் பின்னால் வந்தது. அங்கே சூடேறினால் மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுவான். கோபம் மெல்ல மெல்ல இறங்கிப் போனது. கூடவே எம்பலும் இறங்கியது. போன கோடையில் அளந்தபோது முப்பத்தாறு அங்குலம். வயசுப்பா, முழங்காலுப்பா என்றார் மருத்துவர். கார்டெல் அதை நம்பவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தவன் அவன்தானே. ஒன்றைத் தூக்கி எறிந்தேன், மற்றதும் கூடவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்தானே தவிர, லவோனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று ஆட்டம் முக்கால்வாசி முடியும்வரை கோச் அவனை இறக்கவில்லை. பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிரேவ்லி இருபத்துநான்கு பாயிண்ட் எடுத்திருந்தான். ஒவ்வொன்றும் வளையத்துக்கு அடியில்தான். பிட்ஸ்பர்க் ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கோச் சொன்னது பொய்யில்லை.

கடைசிக் கால்பகுதியில் ஏழு நிமிஷம் இருக்கும்போது கோச் திரும்பிப் பார்த்தார்.

"விட்லோ. எழுந்திரு. அவனை நீ பாத்துக்கோ."

அவன் உள்ளே போனதும் அரங்கமே எழுந்து நின்றது. எல்லோருக்கும் பழைய கதை தெரியும். பெரிய திரையில் அவனையும் கிரேவ்லியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். "தாடை! தாடை!" என்று மேல் வரிசையில் சிலர் கத்தினார்கள். கார்டெலுக்குக் காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. ஆனால் அது கிரேவ்லி மேல் இல்லை.

கிரேவ்லி அவன் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் பந்து எங்கே என்று பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"எப்படிடா இருக்க?"

"இருக்கேன்."

"வெயிட் போட்டிருக்க."

"நீயும்தான்."

"எனக்கு அழகா இருக்கு, உனக்கு மாடு மாதிரி இருக்கு."

கார்டெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். இரண்டு முறை கிரேவ்லியைத் தோளால் தடுத்தான், இரண்டு முறையும் விசில். ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி ஃபவுலை ஒப்புக்கொண்டான். கோச் பெஞ்சிலிருந்து கத்தியது காதில் விழுந்தது: "அது இல்ல! அது இல்லப்பா!"

நான்கு நிமிஷம் இருக்கும்போது அது நடந்தது.

கிரேவ்லி கோட்டோரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். ஒரு பாய்ச்சல், கார்டெலைத் தாண்டினான், மேலே போய்விட்டான். கார்டெல் இரண்டடி பின்னால் இருந்தான். இதுதான் அந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. காற்றில் இருக்கிற மனுஷனுக்குக் கையும் காலும் தன் வசத்தில் இருக்காது. தோளில் ஒரு தட்டு தட்டினால் போதும். சீசன் முடியும்வரை சம்பளம், வீடு, பெயர், எல்லாம் அந்த ஒரு தட்டில் இருந்தது. அவனும் எம்பினான். எதற்கு எம்பினான் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவனால் சொல்ல முடியவில்லை. தட்டவா, பந்தைத் தடுக்கவா? எம்பினான், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் டெஷான் ரக்கர் குறுக்கே வந்துவிட்டான். ரக்கருக்கு இருபத்துமூன்று வயது, அணியின் பெரிய நம்பிக்கை. கிரேவ்லி தன் மேல் மோதினால் ஃபவுல் அவனுக்குப் போகும் என்று கணக்குப் போட்டு ஓடிவந்து நின்றான். ஒரு நொடி பிந்திவிட்டான். கிரேவ்லி மேலே போன பிறகு அவன் கால்களுக்குக் கீழே போய் நின்றான். கிரேவ்லியின் இரண்டு காலும் ரக்கரின் தோளில் தட்டி மேலே போயின, தலை கீழே வந்தது. பத்தடி உயரத்தில் ஒரு மனுஷன் தலைகீழாக வருகிறான், அடியில் மரத்தரை.

கார்டெல் அவனைப் பிடித்தான். வலது கை இடுப்பைச் சுற்றியது. இடது கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியில் கொடுத்தான், குழந்தையைத் தூக்குகிறவர்கள் கொடுக்கிற மாதிரி. இருவரும் பக்கவாட்டில் விழுந்தார்கள். கிரேவ்லியின் இடுப்பு தரையில் பட்டது. தலை கார்டெலின் கைமேல் இருந்தது. கார்டெலின் கைமுட்டி தரையில் மோதி விண்ணென்று வலித்தது.

விசில் ஊதியது. லூயிவில்காரர்கள் ஓடிவந்து கார்டெலைத் தள்ளினார்கள். அரங்கம் வெடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

நடுவர்கள் மூன்று பேரும் மேஜையில் இருந்த சின்னத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். டிவிக் கேமராக்கள் பக்கவாட்டில் இருந்தன. அவற்றில் தெரிந்தது இதுதான்: விட்லோ, பழைய விட்லோ, காற்றில் இருக்கிறவனின் கழுத்தைப் பிடித்துத் தரைக்கு இழுக்கிறான். கிரேவ்லி எழுந்து நடுவரிடம் போய், "அவன் என்னைத் தாங்கினான்யா, நான் சொல்றேன்ல" என்றான். நடுவர் அவனை மெல்லத் தள்ளிவிட்டு நடுவில் வந்து நின்றார். வேண்டுமென்றே செய்த, அளவுக்கு மீறிய ஃபவுல். ஆட்டத்தைவிட்டு வெளியேற்றம்.

கார்டெல் வழக்கம்போல் கையைத் தூக்கினான். ஏன் தூக்கினான்? பழக்கம்தான். இருபது வருஷமாக விசில் ஊதி அவனைக் காட்டினால் கை தானாக மேலே போய்விடும். அது 'ஆமாம், நான்தான்' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டாயிரம் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உடைமாற்றும் அறைக்குப் போகும் குகைவழியில் நுழையும்போது ஒரு கிழவர் கம்பிக்கு மேல் சாய்ந்து, "வந்துட்டடா கண்ணா! வந்துட்ட!" என்று அவன் முதுகில் தட்டினார்.

அவன் குளித்துவிட்டு வெளியே வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. பிட்ஸ்பர்க் ஆறு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. பதினோரு தோல்விக்குப் பிறகு முதல் வெற்றி. போன் அடித்தது. ஏஜெண்ட் பிராக்கன்.

"மகராசா! உன் காலைக் காட்டுடா, கும்பிடறேன். கோச் எனக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டார். பேப்பர் ரெடி பண்றாங்க. சீசன் முழுசும்! நாளைக்குப் பயிற்சி முடிஞ்சதும் கையெழுத்து. ஒரு ஆட்டம் ரெண்டு ஆட்டம் தடை போடுவாங்க, அபராதம் போடுவாங்க, போடட்டும். நீ மட்டும் வாயைத் திறக்காத. மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கயும் சொல்லாத. உனக்கு இப்ப அந்தப் பேர்தான் சோறு போடுது."

"பிராக்கன், நான் அவனை இழுக்கல. விழாம பிடிச்சேன்."

பிராக்கன் குரலைத் தாழ்த்தினான்.

"சரி. நல்லது. உன் மனசுக்குள்ள வெச்சுக்கோ. நாளைக்கு மத்தியானம்வரைக்கும் வெச்சுக்கோ, அது போதும்."

லூயிவில் பஸ் நிற்கும் சரிவுக்குப் பக்கத்தில் கிரேவ்லி நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் ஐஸ் கட்டியிருந்தான். கார்டெலைப் பார்த்ததும் கையாட்டினான். காவலுக்கு இருந்த இரண்டு பேர் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றார்கள். கிரேவ்லி அவர்களைப் பார்த்து, "போங்கப்பா, ஒண்ணும் ஆகாது. தகடு போட்ட தாடை, அவன் கைதான் உடையும்" என்றான்.

காவலர்கள் தள்ளிப் போனார்கள்.

"அந்த லெட்டர்..." என்று கார்டெல் ஆரம்பித்தான். "அப்ப உனக்கு அனுப்பினது. அது வக்கீல் எழுதினது."

"தெரியும். 'ஆழ்ந்த வருத்தம்'னு இருந்துச்சு. உனக்கு அந்த மாதிரி வார்த்தையெல்லாம் எங்க வருது?"

"எனக்கு எழுதத் தெரியல. ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேன். தப்பு பண்ணிட்டேன் அன்டோன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

கிரேவ்லி தலையைக் குனிந்துகொண்டு ஐஸ் பையைச் சரிசெய்தான். பிறகு நிமிர்ந்தான்.

"என் பெரியவ அப்ப கைக்குழந்தை. ஆறு வாரம் அவளுக்கு ஒரு முத்தம் குடுக்க முடியலடா. அதான் எனக்கு மனசுல இருந்துச்சு. மத்ததெல்லாம் போயிடுச்சு." பெருமூச்சு விட்டான். "இன்னிக்கு நீ இல்லைன்னா நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். காலைல லீக் நடத்தறவங்களுக்கு எழுதித் தரேன். நடந்தது இதுதான்னு. உன் பேரை எதுக்குக் கெடுக்கணும்?"

கார்டெலின் வாயிலிருந்து வந்தது அவனுக்கே பிடிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம்வரைக்கும் எழுதாத."

"ஏன்?"

கார்டெல் பஸ் பக்கம் பார்த்தான். கிரேவ்லி அவனை மேலும் கீழும் பார்த்தான். கிரேவ்லிக்கும் அந்தத் தொழில்தானே, இன்றைக்கு எத்தனாவது நாள் என்று கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"ஓ," என்றான். "அப்படியா சங்கதி." பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். "சரிடா. என் தாடை என்னோடது, உன் பேரு உன்னோடது. மத்தியானம்வரைக்கும் வெயிட் பண்றேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் படம் பார்க்கும் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் முந்தின ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பெரிய பெரிய நாற்காலிகள், முன்னால் திரை, ஓரத்தில் லேப்டாப்போடு வீடியோக்காரர். எல்லோரும் முட்டை ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கார்டெல் உள்ளே வந்ததும் கைதட்டினார்கள். "அண்ணே, எங்க மேல கோபமில்லையே?" என்று ஒருத்தன் தாடையை மூடிக்கொண்டு நடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ரக்கர் மட்டும் பின்வரிசையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய லேஸையே மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

கோச் அந்தக் காட்சியைத் திரையில் போட்டார். கழுத்தில் கை. தரை. மறுபடி போட்டார். கழுத்தில் கை. தரை.

"பாருங்க," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை, களைப்புதான் இருந்தது. "மூணு மாசமா தொண்டை கிழிய இதைத்தான் கத்தறேன். நம்ம வளையத்துக்குக் கீழ வர்றவன் வலியோட திரும்பணும். இதுக்கப்புறம் அவனுங்க ஒருத்தனாவது உள்ள வந்தானா? வரல. ஜெயிச்சோமா? ஜெயிச்சோம். இனிமே இது விட்லோ வேலை மட்டுமில்ல. டெஷான், நீயும். எல்லாரும்தான். மேல போறவனைக் கீழ கொண்டு வாங்க."

"சரி கோச்," என்றார்கள் பல பேர். அவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. சொன்னால் செய்துவிடுவார்கள். முன்வரிசையில் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவன் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, "இப்படியா?" என்று கேட்டுப் பார்த்தான்.

கார்டெலுக்குக் காதுக்குப் பின்னால் சூடு வரவில்லை. வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"கோச், வளையத்துப் பலகைக்குப் பின்னாடி நம்ம கேமரா ஒண்ணு இருக்குல்ல. அதைப் போடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"போடச் சொல்லுங்க."

அந்தக் கேமரா அணியின் சொந்தக் கேமரா. பயிற்சிக்காக வைத்தது, டிவிக்குப் போகாது. நடுவர்களும் அதைப் பார்க்கவில்லை. வீடியோக்காரர் கோச் முகத்தைப் பார்த்தார். கோச் தோளைக் குலுக்கினார். படம் வந்தது.

"மெதுவா ஓட்டுங்க. இன்னும் மெதுவா. நிறுத்துங்க."

வளையத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் வேறாக இருந்தது. கிரேவ்லியின் கால்கள் மேலே இருந்தன. அடியில் ரக்கரின் தோள்.

"டெஷான் வேணும்னு வரல," என்றான் கார்டெல். "ஒரு நொடி லேட்டாயிடுச்சு. எல்லாருக்கும் நடக்கும். இப்ப என் இடது கையைப் பாருங்க. எங்க இருக்கு?"

எல்லோரும் முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தார்கள்.

"தலைக்குக் கீழ இருக்கு. கழுத்தைப் பிடிக்கல, தலையைத் தாங்கிட்டிருக்கு. நான் அவனை இழுக்கல. அவன் விழாம பிடிச்சேன். இதைப் பார்த்து நீங்க யாரையும் கழுத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஒருத்தன் செத்துப் போவான்."

ஒருத்தன் கடித்த ரொட்டியைக் கீழே வைத்தான். பின்வரிசையில் ரக்கர் முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டான்.

சொல்லி முடித்த பிறகுதான் கார்டெலும் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தான். அதுவரை கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தன் கால்களைப் பார்த்தான். அவன் ஷூ ரக்கரின் இடுப்பை ஒட்டி இருந்தது. ரக்கர் குனிந்துகூட நிற்கவில்லை. தன் தலை வளையத்தை ஒட்டி இருந்தது. எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்ல முடியாது, ஆனால் முப்பத்தாறு இல்லை. அதைவிட எவ்வளவோ மேலே. அந்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தான். கோபம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தேடிப் பார்த்தான், ஒரு துளிகூட இல்லை.

"எல்லாரும் மைதானத்துக்குப் போங்க," என்றார் கோச். "விட்லோ, நீ இரு."

போகும்போது ரக்கர் அவன் பக்கத்தில் நின்றான். அவன் தோளைத் தொட்டான். கார்டெல் அவன் தலையை ஒரு தட்டு தட்டி அனுப்பினான்.

கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். திரையில் படம் நின்றபடியே இருந்தது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா எம்பியிருக்க," என்றார்.

"ஆமா."

"ஏன்டா இப்ப சொன்ன? கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானம் வந்து சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன் கோச். நீங்க அந்தப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா, சும்மாதான் இருந்திருப்பேன்."

கோச் கண்களைக் கசக்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பதினொன்று தோற்றவர், அவ்வளவுதான். இன்னும் ஐந்து தோற்றால் அவருடைய நாற்காலியும் போகும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. அடுத்த வாரம் வேற எவனாவது வரான். ரக்கர் நடுவுல வரல. நீயும் அவனும் மட்டும்தான் மேல இருக்கீங்க. அவனைக் கீழ கொண்டு வான்னு நான் சொன்னேன். செய்வியா?"

கார்டெல் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். அவனுக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும். திரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"தடுப்பேன் கோச். பந்தைத் தடுப்பேன். இவ்வளவு உயரம் போக முடியும்னு எனக்கே இப்பதான் தெரியுது. ஆனா ஆளைத் தள்ள மாட்டேன்."

"எனக்குத் தள்றவன் வேணும்பா."

"தெரியும்."

"உன் மேல எனக்கு மரியாதை இருக்கு. அது வேற. ஆனா என்கிட்ட ஒரு இடம்தான் இருக்கு." கோச் எழுந்து கையை நீட்டினார். கார்டெல் குலுக்கினான். வாசல்வரை வந்த கோச், "அந்தப் படத்தை லீகுக்கு நானே அனுப்பறேன். தடையை எடுத்துடுவாங்க. உனக்கு அது ஒண்ணாவது கிடைக்கட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்டெல் பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தான். முதலில் கிரேவ்லிக்கு ஒரு செய்தி அனுப்பினான்: 'எழுத வேணாம். நானே சொல்லிட்டேன்.' உடனே பதில் வந்தது: 'என்ன ஆச்சு?' அதற்கு அவன் ஒன்றும் அனுப்பவில்லை. பிராக்கன் நான்கு தடவை கூப்பிட்டிருந்தான். அதையும் விட்டுவிட்டு லவோனைக் கூப்பிட்டான்.

அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல," என்றான்.

"ம்."

"எடுத்துக்கறதாத்தான் இருந்தாங்க. நான்தான் ஒண்ணு சொன்னேன். வந்து சொல்றேன்."

"சரி." அவள் கொஞ்சம் தயங்கினாள். மூன்று வருஷமாக எந்தக் கெட்ட சேதி வந்தாலும் அவள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "காதுக்குப் பின்னாடி எப்படி இருக்கு?"

கார்டெல் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை ஒருமுறை பார்த்தான். கைமுட்டி வலித்தது. நெஞ்சில் ஏதோ பெரிதாக உட்கார்ந்திருந்தது, அது துக்கம்தான், வேறொன்றுமில்லை.

"ஒண்ணும் இல்ல லவோன். அழுகைதான் வருது."

"அழு," என்றாள் அவள். "நான் வைக்கல. லைன்லயே இருக்கேன்."